காய்ச்சலில் படித்த பாடம்

நவம்பர் 6
டைபாய்டுதான். பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்குப் போய் பாப்பாவுக்கு ஊசி போட்டு வந்தோம். 102 டிகிரி. பஸ்ஸில் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்தே வந்தாள்.

நவம்பர் 9
காலையில் வேதியியல் புத்தகத்தில் ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் முதல் வரியைத் தாண்டவே இல்லை. "நாலு தடவ படிச்சிட்டேன்மா, மூடினா ஒண்ணுமே இல்ல" என்று அழுகை. அரையாண்டுத் தேர்வு பயம். அத்தை கஞ்சி டம்ளரை நீட்டி, "சொரத்துல படிச்சா மண்டையில ஏறாது கண்ணு, படுத்துக்க" என்றார்.

அத்தை சொன்னது நிஜம். கிருமியோடு மோதும் வெள்ளணுக்கள் இன்டர்லூகின்-1 போன்ற சைட்டோகைன்களை, அதாவது சேதி சொல்லும் புரதங்களை, விடுகின்றன. அந்தத் தகவல் ரத்தத்திலும், வயிற்றிலிருந்து மூளைக்கு ஓடும் வேகஸ் நரம்பிலும் ஏறி மூளைக்குப் போகிறது. அங்கே காவலிருக்கும் மைக்ரோகிளியா செல்கள் உசுப்பப்பட்டு, அதே பொருள்களைத் தாமும் சுரக்கின்றன. புதுசாகப் படிப்பது பதிய, ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் நரம்பு இணைப்புகள் வலுப்பட வேண்டும். இன்டர்லூகின்-1 அளவுக்கு மீறினால் அதுதான் தடைபடுகிறது. சோர்வு, பசியின்மை, சுருண்டு படுப்பது எல்லாம் நோயை வெல்ல உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு என்று 1988-இல் எழுதியவர் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவர். ஆடு மாடு வளர்க்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

புத்தகத்தை வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 14
காய்ச்சல் விட்டது. முதல் ஊசி போட்ட நாளைப் பற்றிக் கேட்டேன். நர்ஸம்மாவின் வளையல் சத்தம் நினைவிருக்கிறது, ஊசி சுருக்கென்றதும் இருக்கிறது. எந்த அறை, மாடியா கீழா, தெரியவில்லை.

எலிகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கூண்டில் விட்டு, ஒலி எழுப்பி, லேசான ஷாக் கொடுப்பார்கள். உடனே, நோய் வந்தது போல் ஆக்க, பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை ஊசியில் ஏற்றிய எலிகள், பிறகு அந்த ஒலி கேட்டால் பயந்து உறைகின்றன. ஆனால் அந்தக் கூண்டில் விட்டால் மற்ற எலிகள் அளவுக்கு உறைவதில்லை. இடத்தைச் சேர்த்து நினைவு வைப்பது ஹிப்போகேம்பஸ் வேலை. ஒலியோடு பயத்தை முடிச்சுப்போட அது அவ்வளவாகத் தேவையில்லை.

டைபாய்டு என்ற பேரே கிரேக்கத்தில் புகைமூட்டம் என்ற சொல்லிலிருந்து வந்தது. "தல புகையா இருக்கு" என்று பாப்பாவும் சொன்னாள்.

நவம்பர் 22
இன்டர்லூகின்-1ஐக் கெட்டதென்று ஒதுக்கவும் முடியாது. அது வேலை செய்யாதபடி மரபணு மாற்றிய சுண்டெலிகளும் இடங்களைச் சரியாகக் கற்பதில்லை. கொஞ்சம் வேண்டும், மிஞ்சினால் கெடுக்கும். சமையலில் உப்பு மாதிரி.

இன்று ஐந்து சமன்பாடு எழுதிக் காட்டினாள். நாலு சரி.

போன வருஷம் டெங்கு முடிந்து வந்த பையன் ஒருவன் என் தேர்வில் பாதித் தாளை வெறுமனே கொடுத்தான். "சாக்குச் சொல்லாத" என்று எல்லார் எதிரிலும் திட்டினேன். அவன் முகம் கண்ணிலேயே நிற்கிறது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவில் இருக்கிறான். திங்கட்கிழமை கூப்பிட்டுப் பேச வேண்டும்.