ஒரு கையெழுத்துக்கு இரண்டு வாரம்: இன்சுலின் சிரிஞ்சில் நான் பட்ட பாடு

மருந்தியல் எழுத்துத் தேர்வை நான் சிரமமின்றித் தாண்டிவிட்டேன். ஆனால் செய்முறைகளைச் செய்து காட்டிக் கையெழுத்து வாங்கும் ப்ரொசீஜர் புத்தகத்தில் இன்சுலின் ஊசி என்ற ஒற்றை வரிக்கு எதிரே டியூட்டர் மேடத்தின் கையெழுத்தை வாங்க இரண்டு வாரம் ஆனது. அந்தக் காலைப்பொழுதின் படபடப்பு இன்னும் அடங்காததால், அடுத்து வார்டு போஸ்டிங் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அறுபது வயதைத் தாண்டிய ஐயா ஒருவருக்கு, காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு 20 யூனிட் இன்சுலின் போடும்படி கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என ஐந்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தேன். அவருடைய மகள் முந்தைய இரவு வெளிக்கடையில் வாங்கி வைத்திருந்த சிரிஞ்சைப் பிரித்து, 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்தேன். ஊசி தோலைத் தொடும் முன்பே மேடம் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இதில் எத்தனை மில்லி இருக்கிறது, சொல்லும்மா."

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வயலின் (மருந்துக் குப்பியின்) லேபிளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. என் கையில் இருந்ததோ ஒரு மில்லியை 100 யூனிட்டாகக் கணக்கிட்டுக் கோடு போட்ட ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். அதில் 20 வரை இழுத்தால் 0.2 மில்லிதான் வரும், அதாவது வெறும் 8 யூனிட். அவருக்குப் போக வேண்டியது 0.5 மில்லி. இதைவிட ஆபத்தானது இதன் மறுபக்கம்: மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை, 40 யூனிட்டுக்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் உள்ளே போய், சர்க்கரை தாழ்ந்து நோயாளி நினைவிழக்கக்கூடும்.

மேடம் கையெழுத்துப் போடாமல் புத்தகத்தை மூடிவிட்டார். அதைவிட என்னை வருத்தியது மருந்துக்கடையில் நடந்ததுதான். ஐயாவின் மகளான அந்த அக்காவுடன் நானும் போய்ச் சிவப்பு மூடி கேட்டபோது, "இன்சுலின் சிரிஞ்ச் எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி, கடைக்காரர் மறுபடியும் ஆரஞ்சு மூடியையே நீட்டினார். வெறுங்கையோடு திரும்பி, மருந்தின் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு மீண்டும் ஓடி, 40 என்ற எண்ணை விரல் வைத்துக் காட்டிய பிறகே கீழ் இழுப்பறையிலிருந்து சரியானது வெளியே வந்தது. நாங்கள் திரும்பும்வரை ஐயா இட்லித் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பசியோடு காத்திருந்தார். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே கடைக்கு ஆள் அனுப்பும்போது மருந்துப் பெட்டியையும் கொடுத்தனுப்புங்கள். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல், சிரிஞ்சின்மேல் அச்சிட்ட எண்ணையும் வயலின் எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இன்சுலின் பேனாவில் (பேனா வடிவ ஊசிக் கருவியில்) போடும் கார்ட்ரிட்ஜிலிருந்து ஒருபோதும் சிரிஞ்சால் மருந்தை இழுக்காதீர்கள். குறிப்பு எழுதும்போது 'யூனிட்' என்பதை முழுச் சொல்லாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் U என்று ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது பூஜ்யமாகத் தெரிந்து, 20 என்பது 200 ஆகிவிடும்.

இரண்டாம் முயற்சிக்கு முன் மேடம் பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலை (சிறு மருந்துக் குப்பியை) கையில் கொடுத்துக் கேள்வி கேட்டார். 15 சதவீதக் கரைசல், 10 மில்லியில் 20 மில்லிஈக்விவலண்ட் (mEq என்ற அலகு), நீர்க்காமல் நேரடியாக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்று தடுமாறாமல் சொன்னேன். அன்று வேறொரு அம்மாவுக்கு 12 யூனிட் இன்சுலின் போட வேண்டியிருந்தது. வயலைப் பார்த்தேன், சிவப்பு மூடியைப் பார்த்தேன், மருந்தை இழுத்தேன். மேடம் வாய் திறப்பதற்குள், "0.3 மில்லி, மேடம்" என்றேன். அவர் சிரிஞ்சை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்துவிட்டுத் தன் பேனாவை எடுத்தார்.