90 தாண்டினா நடுங்குற ஸ்டியரிங்கும் நான் தண்டம் அழுத காசும்

மதுரை–திருச்சி ரோட்டுல மாசத்துக்கு நாலு தடவ போய்ட்டு வர்ற ஆளு நான். ஒரு நாள் சிட்டம்பட்டி டோல்கேட் தாண்டி 90 தொட்டதும் ஸ்டியரிங் கையில கிர்ர்னு நடுங்குச்சு. 80க்குக் கீழ இறக்குனா சுத்தமா இல்ல, 110 போனா (போயிருக்கக் கூடாது தான்) கொஞ்சம் குறையுது, ஊருக்குள்ள ஓட்டுனா தங்கமான வண்டி. அதனால தான் இத யாருகிட்டயும் நிரூபிக்கவே முடியல.

முதல்ல எல்லாரும் செய்யுறதத் தான் செஞ்சேன், ஒரு கடையில விட்டு அலைன்மென்ட் (வீல் நேரா நிக்குதான்னு பாக்குறது), பேலன்சிங் (வீலச் சுத்தி எடை சமமா இருக்கான்னு பாக்குறது) ரெண்டும் பாத்தேன். நாலு வீலுக்கும் மெஷின்ல ஜீரோ காட்டுறான், நானும் சந்தோஷமா காசு குடுத்துட்டு வந்தேன். மேலூர் போறதுக்குள்ள அதே நடுக்கம். அலைன்மென்ட் தப்பா இருந்தா வண்டி ஒரு பக்கமா இழுக்கும், டயர் ஒரு ஓரமா தேயும், இந்த மாதிரி நடுக்கத்துக்கு அது காரணமா இருக்குறது அபூர்வம்னு பின்னாடி தான் தெரிஞ்சுது.

அடுத்து சர்வீஸ் சென்டர். இத நெனச்சா இன்னும் வயிறு எரியுது. அட்வைசர் டெஸ்ட் டிரைவ் போனாரு, எங்க? வாசல்லருந்து அடுத்த சிக்னல் வரைக்கும், 45ல. "ஒண்ணும் தெரியலயே சார்." தம்பி ரிங் ரோடு வரைக்கும் வாங்க, 90ல தான் வரும்னு கெஞ்சுறேன், அதெல்லாம் போக முடியாது சார்னுட்டாரு. ஆனா மத்தியானம் எஸ்டிமேட் மட்டும் கரெக்டா வந்துச்சு, 18,400. லோயர் ஆர்ம் ரெண்டு, லிங்க் ராட் (இதெல்லாம் சஸ்பென்ஷன் பார்ட்ஸ்), எஞ்சினத் தாங்குற மவுன்ட்னு வரிசையா. நடுக்கத்தையே பாக்காத ஆளு எத வச்சு இதெல்லாம் எழுதுனாருன்னு நான் அப்பவே கேட்டிருக்கணும், கேக்கல. லோயர் ஆர்ம் மட்டும் போதும்னு பேசி 7,200 கட்டுனேன். பழசக் குடுங்கன்னா ஸ்கிராப்புக்குப் போயிடுச்சாம். வேலை ஆரம்பிக்கும்போதே பழைய பார்ட்ஸ் எனக்கு வேணும்னு சொல்லிடுங்க, முடிஞ்சப்புறம் கேட்டா இந்தப் பதில் தான். நடுக்கம்? அப்படியே இருந்துச்சு.

சரி, நாமளே பாப்போம்னு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ரோடு காலியா இருக்கும்போது மச்சினனையும் கூட்டிக்கிட்டுக் கிளம்புனேன். பிரேக் மிதிச்சா நடுக்கம் கூடல, அப்ப பிரேக் டிஸ்க் இல்ல. ஆக்சிலேட்டர அமுக்குனாலும் விட்டாலும் மாற்றமில்ல, அப்ப எஞ்சின் சக்திய வீலுக்குக் கொண்டு போற டிரைவ் ஷாஃப்ட் மேல சந்தேகம் குறையுது. 100ல நியூட்ரல் போட்டேன், எஞ்சின் ஐடிலுக்கு வந்துடுச்சு, நடுக்கம் அப்படியே நிக்குது. அப்ப எஞ்சினும் இல்ல, அந்த மவுன்ட்டும் இல்ல. (நியூட்ரல் மட்டும் தான், தயவுசெஞ்சு சாவிய ஆஃப் பண்ணிடாதீங்க, பிரேக் கல்லாயிடும், ஸ்டியரிங்கும் லாக் ஆகலாம்.) மிச்சம் இருக்குறது வீல் தான். என்னோட 185/65 ஆர்15 டயர் 100ல செகண்டுக்கு 14 தடவ சுத்துது, அதுல ஒரு சின்னக் கோளாறு இருந்தாலும் செகண்டுக்கு 14 அடி விழும்.

அடுத்து முன் வீல் ரெண்டையும் பின்னாடி மாத்திப் போட்டேன். ஸ்டெப்னிய வச்சு இந்த டெஸ்ட் பண்ணாதீங்க, என்னோடது சைஸே சின்னது. திரும்ப 90 போனா ஸ்டியரிங் கம்முன்னு இருக்கு. பின்சீட்டுல இருந்து மச்சினன், "மாமா, உக்கார்ற எடம் அதிருது மாமா." இதுக்கு ஏன் நான் இவ்வளவு சிரிக்கிறேன்னு அவனுக்குப் புரியல. நடுக்கம் வீலோட சேந்து பின்னாடி போயிடுச்சு, அப்ப கோளாறு அந்த ரெண்டு வீல்ல தான். 7,200 குடுத்தும் கிடைக்காத பதில் ஜாக்கியும் ஸ்பேனரும் வச்சே கிடைச்சிருச்சு.

துவரங்குறிச்சி பக்கம் சர்வீஸ் ரோட்டுல ஒரு பஞ்சர் கடை, வயசான அண்ணன் ஒருத்தர். பின் வீல ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒரு செங்கல் மேல கையை ஊனிக்கிட்டு, சாக்பீஸ டயர் முகத்துக்கு ஒரு நூல் தள்ளிப் புடிச்சு வீல மெதுவா சுத்துனாரு. ஒரு வீல் சரியா இருந்துச்சு. இன்னொரு வீல்ல, ஒரு சுத்துக்கு ஒரே எடத்துல மட்டும் சர்க்குனு ஒரசுது. ரிம் ஆடல, டயர் தான் அங்க ஒரு சாண் நீளத்துக்கு லேசா மேடா இருக்கு. உள்ள இருக்குற கம்பி பெல்ட் விட்டுப் போச்சாம். கையை வச்சுத் தடவிப் பாருங்கன்னாரு, கண்ணுக்குத் தெரியாதது உள்ளங்கைக்குத் தெரிஞ்சுது.

"பேலன்சிங்ல ஜீரோ காட்டுச்சேண்ணே?"

"மெஷின் எடையத் தான தம்பி பாக்கும், வட்டத்தையா பாக்கும்?"

சைடுல 3118னு இருந்துச்சு, அதாவது 2018ல 31வது வாரம் செஞ்ச டயர். பட்டன் (டயர் மேல இருக்குற வெட்டு) நல்லா இருக்குன்னு நானும் விட்டு வச்சிருந்தேன். இது வேகத்துல வெடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அவரு சொல்லவும் தான் வயித்தக் கலக்குச்சு, இத வச்சுக்கிட்டுல்ல மூணு மாசம் குடும்பத்தோட போயிருக்கேன். 60 தாண்டாம உருட்டி ஊர் வந்து சேந்தேன்.

ரெண்டு டயர் புதுசு போட்டாச்சு. அதுலயும் ஒரு கூத்து, புது டயர் போட்டும் லேசா நடுக்கம், போய்ப் பாத்தா பேலன்சிங்குக்கு ரிம்முல ஒட்டுற பழைய வெயிட்டக் கழட்டாம அதுக்குப் பக்கத்துலயே புதுச ஒட்டியிருக்கான், ரிம்முக்கு உள்பக்கம் சேறு வேற. கிட்ட நின்னு சுத்தம் பண்ண வச்சு மறுபடி பேலன்ஸ் பண்ணதும் போயிடுச்சு. நீங்களும் கிட்டயே நில்லுங்க, டீ குடிக்கப் போயிடாதீங்க.

முந்தாநாள் சர்வீஸ் சென்டர்லருந்து போன். "சார், வைப்ரேஷன் கம்ப்ளைன்ட் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா."

"தேங்க்ஸ் சார், அப்ப ஃபீட்பேக்ல 10க்கு 10 போட்டுடுங்க சார்."