ஸ்லைட்டைப் பார்க்க முதல் அது வந்த வழியைப் படியுங்கோ

யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்குப் புதுசா வந்திருக்கிற தம்பி தங்கச்சியவைக்கு. இழையவியல் ஸ்பொட்டுக்கு (மேசையில வைச்ச ஸ்லைட்டைப் பார்த்து இனங்காணுற சோதனை) பயந்து அட்லஸ் படங்களை நிறத்தோட பாடமாக்காதேங்கோ. சோதனை மேசையில இருக்கிற ஸ்லைட் மங்கியிருக்கும், இல்லாட்டி சாயம் கூடியிருக்கும். ஒரு துண்டு இழையம் எப்பிடி ஸ்லைட்டாகுது எண்டு விளங்கினால் நிறம் மாறினாலும் தடுமாற மாட்டியள்.

வெட்டி எடுத்த இழையம் தன்ர நொதியங்களாலேயே சிதையத் தொடங்கும். அதை நிறுத்தத்தான் 10% போர்மலின். அது மணிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான் உள்ளுக்குப் போகும். ஆனபடியால் துண்டு 3 தொடக்கம் 5 மில்லிமீற்றர் தடிப்போட நிக்கவேணும், போர்மலின் குறைஞ்சது பத்து மடங்கு வேணும். பிறகு செறிவு கூடிக்கொண்டு போற அற்ககோல், சைலீன், பரபின் மெழுகு. கடைசியா மைக்ரோடோம் எண்ட சீவுற பொறியில 4, 5 மைக்ரோமீற்றர் தடிப்பில சீவல்.

கொழுப்பிழையம் ஏன் வெறும் வலை மாதிரித் தெரியுது? அற்ககோலும் சைலீனும் கொழுப்பைக் கரைச்சுப்போட்டுது. கொழுப்பையே பார்க்கிறதெண்டால் உறையவைச்சுச் சீவி சூடான் சாயம் போடவேணும். வைவாவில (வாய்மொழிச் சோதனையில) இதைச் சொல்லத் தெரிஞ்சிருக்கவேணும்.

சாயத்தில நேரம் செலவழியுங்கோ. ஹிமடொக்சிலின் எண்ட சாயம் படிகாரத்தோட சேர்ந்து நேரேற்றம் பெற்று, மறையேற்றமுள்ள டிஎன்ஏயில போய்ப் பிடிக்கும். அதால கலத்தின்ர கரு நீலமாகும். ஆர்என்ஏயிலும் பிடிக்கும், சதையி (கணையம்) கலங்களின்ர அடிப்பக்கம் நீலமாத் தெரியிறது அங்க ரைபோசோம் நிறைஞ்சிருக்கிறதால. இயோசின் அமிலச்சாயம், குழியவுருப் புரதமும் கொலாஜனும் இளஞ்சிவப்பாகும். ஹிமடொக்சிலினால எடுத்தவுடன கரு செந்நாவல் நிறத்தில இருக்கும், மெல்லிய காரத்தண்ணியில கழுவினாத்தான் நீலமாகும். எங்கட சுண்ணக்கல் கிணத்துத் தண்ணியில பைகாபனேற்று கூட, அதால அது மெல்லிய காரம் எண்டது தெரியும்தானே, அதோட சேர்த்து மனசில வைச்சிருங்கோ.

ஸ்பொட்டில முதலில் குறைஞ்ச உருப்பெருக்கம். எடுத்தவுடன 40இன் வில்லைக்குப் போறது என்ர பார்வையில பெரிய பிழை. உறுப்பின்ர அமைப்பே கண்ணுக்கு வராது. உள்வெளி (குழாயின்ர நடு வெற்றிடம்) இருக்கோ, அதுக்கு எந்த மேலணி (உள்பக்கத்தை மூடுற கலப்படை), சுத்தி என்ன தசை, இந்த ஒழுங்கில போங்கோ. சிறுநீர்க்கானும் (சிறுநீரகத்தில இருந்து சிறுநீர்ப்பைக்குப் போற குழாய்) அப்பாற்செலுத்தியும் (விந்தைக் கொண்டுபோற குழாய்) குழப்பும். ரெண்டிலும் சின்ன உள்வெளி, சுத்திவரத் தசை. நட்சத்திர வடிவ உள்வெளியும் மாறுநிலை மேலணியும் (விரிஞ்சு சுருங்கக்கூடிய பல படை) எண்டால் சிறுநீர்க்கான். போலிப்படை மேலணியோட (ஒரு படைதான், ஆனால் பல படை மாதிரித் தெரியும்), உள்வெளியை விடப் பலமடங்கு தடிச்ச தசை மூண்டு படையாத் தெரிஞ்சால் அப்பாற்செலுத்தி.