சாத்துக்குடித் தோல் எண்ணெய்: ஒருவழியாகத் தண்ணீரை விட்டுப் பிரிந்தது

வடிப்பது பெரிய வித்தை இல்லை. வடித்ததைப் பிரிப்பதில்தான் உயிர் போகிறது. இந்த முறை பிரிந்துவிட்டது, அதுவும் புனலோ பிப்பெட்டோ இல்லாமல், வீட்டு ஃப்ரீசரை வைத்தே.

முதலில் தோல் சங்கதி. கமலா ஆரஞ்சை உரித்தால் வெள்ளைப் பஞ்சும் கூடவே வரும். எண்ணெய்ப் பை இருப்பதெல்லாம் மேலே நிறமாக இருக்கிற படலத்தில்தான். பஞ்சு இடத்தை அடைக்குமே தவிர ஒரு சொட்டு தராது. ஆனால் ஜூஸ் கடையில் சாத்துக்குடியைக் கத்தியால் சீவித் தள்ளுகிறார்களே, அந்தச் சுருள் அப்படியே நமக்கு வேண்டிய பாகம், காசும் கிடையாது. "கோழிக்கா சார்?" என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன், விளக்கப் போனால் பஸ் போய்விடும். காலையில் சீவியது சாயங்காலத்துக்குள் பாதி வாசத்தை இழந்துவிடுகிறது. அதனால் கூட்ட நேரத்தில் நின்று கண்ணெதிரே சீவியதை வாங்குவதே உத்தமம். புளிப்புச் சுளை, சாறு எதுவும் கூட வரக்கூடாது. அமிலத்தோடு சேர்ந்து கொதித்தால் வாசம் பழத்தை விட்டு டர்பன்டைன் பக்கம் சாய்ந்துவிடும்.

தோலைத் தண்ணீருக்குள் போட்டால் அதிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருள் நுரைத்து ஆவித் துளையை அடைக்கப் பார்க்கும். எனவே குக்கரின் அடியில் தண்ணீர், மேலே இட்லித் தட்டில் தோல். வெயிட் போடும் துளையில் குழாய், அதன் மறுமுனையில் ஆவியைக் குளிரவைக்கும் செம்புச் சுருள். சேஃப்டி வால்வில் கை வைக்கவே இல்லை. இந்த எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன் என்ற பொருள்தான். அது தனியாகக் கொதிக்க 176 டிகிரி வேண்டும். நீராவியோடு சேர்ந்தால் 100க்குக் கீழேயே கிளம்பி வந்துவிடுகிறது, அதுதான் நம் பிழைப்பு. தீயைக் குறைத்து வைத்தால் செம்புச் சுருளின் முனையில் முதலில் பால் மாதிரி வெண்மையாகச் சொட்டும். எண்ணெயில் பெரும்பங்கு அந்த முதல் டம்ளரிலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவது வாசனைத் தண்ணீர், வீடு துடைக்க ஆகும். சொட்டு பிடிக்கும் பாத்திரம் அடுப்பிலிருந்து தள்ளியே இருக்கட்டும். 50 டிகிரிக்கு முன்னமே இந்த எண்ணெயின் ஆவி தீப்பிடிக்கும்.

இனி தலைவலிக்கு வருகிறேன். அகலப் பாத்திரத்தில் எண்ணெய் மெல்லிய ஏடாகத்தான் பரவி நிற்கும். டிராப்பரை விட்டால் தண்ணீரும் சேர்ந்து ஏறுகிறது. ரப்பர் குமிழ் வேறு ஊறி உப்பிக்கொள்கிறது. சிரிஞ்சின் ரப்பர் முனையும் அதே கதி, பாதியில் இறுகி நின்றுவிடும். ஒல்லியான கண்ணாடிக் குழாய்க்கு மாற்றினால் அதே எண்ணெய் விரற்கடை உயரத்துக்கு எழுந்து நிற்கிறது, கோடு தெளிவாகத் தெரிகிறது. அந்தக் குழாயை மூடி, சாய்த்து, ஃப்ரீசரில் வைத்தேன். தண்ணீர் உறைந்துவிட்டது. லிமோனீன் உறைய மைனஸ் 74 டிகிரி ஆக வேண்டும், நம் ஃப்ரீசரோ மைனஸ் 18ஐத் தாண்டாது. வெளியே எடுத்துச் சாய்த்தால் ஐஸ் அசையாமல் நிற்க, எண்ணெய் மட்டும் வழுக்கிக்கொண்டு வருகிறது. பார்க்கவே பரம சுகம்.

இதில் சில நுணுக்கங்கள். குழாயை முக்காலுக்கு மேல் நிரப்பக்கூடாது, ஐஸ் விரிந்து கண்ணாடியை உடைக்கும். சாய்த்து வைப்பதும் அதற்காகத்தான். எடுத்ததும் கழுத்தைப் பிடித்தே ஊற்ற வேண்டும். உள்ளங்கைச் சூடு பட்டால் ஐஸின் ஓரம் கரைந்து தண்ணீரும் கூடவே இறங்கும். பிரிவதற்கு உப்புப் போடு என்று பலர் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் உப்பும் ஃப்ரீசரும் ஒன்றுக்கொன்று ஆகாது. கெட்டியான உப்புத் தண்ணீர் மைனஸ் 21 வரை உறையாது. மூடி தளர்ந்தால் ஐஸ்கிரீம் முழுக்கச் சாத்துக்குடி மணக்கும், வீட்டில் பஞ்சாயத்து எழும்.

வந்த எண்ணெய் கிட்டத்தட்ட நிறமற்றது. பிழிந்தெடுக்கும் ஆரஞ்சு எண்ணெயின் மஞ்சள் நிறமும் மெழுகும் ஆவியில் ஏறுவதில்லை. இன்னொரு லாபமும் உண்டு. பிழிந்த எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய்களைத் தோலில் தடவி வெயிலில் போனால் கருத்துக் கொப்பளிக்கச் செய்யும் பொருள்களும் இந்த வழியில் வருவதில்லை. அதற்காக நேராகத் தேய்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. காற்றுப்பட்டுப் பழசான லிமோனீன் அரிப்பைக் கிளப்பும். பழுப்புச் சீசாவில் கழுத்துவரை நிரப்பி ஃப்ரிட்ஜில் வைப்பதே சரி.

வாசத்தில் மட்டும் பிழிந்ததே ஜெயிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆன்லைனில் 'நூறு சதம் சுத்தம்' என்று விற்ற ஒரு சீசாவைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். மறுநாளும் வடைக் காகிதம் போல எண்ணெய்க் கறை. என்னுடையது சுவடே இல்லாமல் பறந்துவிட்டது. இதற்கு மேல் அந்த வியாபாரியிடம் பேச என்ன இருக்கிறது!

தெர்மோகோல் துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டால் சுர்ரென்று குழி விழுகிறது. பாட்டில் ஸ்டிக்கர் பசை, சைக்கிள் செயின் கிரீஸ், பெர்மனன்ட் மார்க்கர், எல்லாம் துடைத்தால் போச்சு. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கலந்து சிங்க் தேய்க்கிறேன். பூனை வளர்ப்பவர்கள் இதைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், அவற்றுக்கு ஆகாது.

அடுத்து நார்த்தங்காய். தோல் தடிப்பு, வாசம் பிரமாதம். ஆனால் அம்மா ஊறுகாய்க்கு வைத்ததில் கத்தி வைக்க விடமாட்டார், சந்தையில்தான் பார்க்க வேண்டும். கொல்லை எலுமிச்சையைக் கவாத்து செய்யும்போது விழும் இலையையும் ஒரு கை பார்க்கலாம் என்று இருக்கிறேன். செம்புச் சுருளுக்குப் பெரிய கடை தேடி அலைய வேண்டாம், ஃப்ரிட்ஜ் ஸ்பேர் கடையில் நீளக் கணக்கில் வெட்டித் தருகிறார்கள்.

இதற்கிடையில் இந்தச் சீசா இன்னும் லேசாகக் கலங்கலாகவே இருக்கிறது. கொஞ்சம் ஈரம் தங்கியிருக்கிறது. நீரற்ற சோடியம் சல்ஃபேட் ஒரு சிட்டிகை போட்டால் தெளிந்துவிடும். லேப் சாமான் கடையில் அரைக் கிலோ டப்பாவைத்தான் தருவேன் என்கிறார்கள். பங்குக்கு ஆள் கிடைத்தால் வாங்கிவிடலாம்.