இரண்டாவது தாள்

வன்னியில் நெஞ்சு நோ என்று யாரும் லேசில் சொல்லமாட்டார்கள். "வாய்வு" என்பார்கள். இஞ்சிப் பிளேன்ரீயும் சோடாவும் குடித்துப் பார்த்து, சரிவராமல்தான் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்.

அந்த ஐயாவும் அப்படித்தான். காலபோக அறுவடை நேரம். மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்திருந்தார். உடம்பெல்லாம் வைக்கோல் தூசி, அதற்கு மேல் வியர்வை. "பாரமாக் கிடக்கு தம்பி, ஒரு ஏப்பம் வந்தால் சரியாகிடும்" என்றார். நெஞ்சைத் துடைத்து ஒட்டினாலும் ஈசிஜி முனைகள் வழுக்கிக்கொண்டு கழன்றன. சிவப்பு வலக்கை, மஞ்சள் இடக்கை, பச்சை இடக்கால், கறுப்பு வலக்கால், நெஞ்சில் ஆறு. வந்து பத்து நிமிடத்துக்குள் முதல் தாள் கையில் இருக்கவேண்டும், அன்று இருந்தது. பார்த்தேன், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரைப்பை மருந்து எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

"டொக்டர், ஆள் இன்னும் வேர்க்கிறார், ஃபான் சுத்துது" என்றார் உதவியாளர் அக்கா. படிப்பு எனக்கு, கண் அவருக்கு.

சரி என்று இருபது நிமிடம் கழித்து இன்னொன்று எடுத்தோம். இதயத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டும் இரண்டாம் கோடு, மூன்றாம் கோடு, ஏவிஎஃப் கோடு மூன்றிலும் எஸ்டி என்ற பகுதி தாளின் கட்டத்தில் இரண்டு சின்னப் பெட்டி உயர்ந்து நின்றது. இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. முதல் தாளைத் திரும்ப எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஏவிஎல் என்ற இன்னொரு கோட்டில், துடிப்பின் கடைசியில் வரும் டி அலை தலைகீழாய்க் கிடந்தது. கீழ்ச்சுவர் அடைபடும்போது பல வேளை முதலில் குரல் கொடுப்பது அந்த மூலைதான். எஸ்டி உயர்ந்திருக்கிறதா என்று மட்டுமே தேடிய நான் அந்தப் பக்கம் போகவேயில்லை. ஒரு தாளில் இருப்பது ஏறக்குறைய பத்து விநாடி. அதற்குப் பிறகு ரத்தக்குழாயில் நடப்பது அதற்கு எப்படித் தெரியும்?

அஸ்பிரின் 300 மில்லிகிராம் சப்பக் கொடுத்தோம். ரத்தக்குழாயை விரிக்க நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைக்குக் கை தானாகவே போனது, நிறுத்திக்கொண்டேன். மூன்றாம் கோட்டில் இருந்த உயர்வு இரண்டாம் கோட்டில் இருந்ததை விட அதிகம், இதயத்தின் வலப்பக்கத்தையும் சந்தேகிக்க வேண்டும். நெஞ்சின் வலப்பக்கம் ஒரு முனையை மாற்றி ஒட்டிப் பார்த்தால் அங்கும் உயர்வு. வலக் கீழறையும் மாட்டியிருக்கிறது. அந்த நிலையில் நைட்ரேட் கொடுத்தால் பிரஷர் மடமடவென்று விழும்.

தாளைப் படமெடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஆளை அம்புலன்ஸில் ஏற்றினோம். ஏ9 வீதியில் போய்ச் சேர்ந்ததும் ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தவர், வரிசையில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எனக்கு வாய்வுதான். இவையள்தான் பெரிசாக்கிப்போட்டினம்."