கச்சான் காற்றில் கட்டிய சுவர்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவுக் கிணற்றடிக்கு ஒரு மறைப்புச் சுவர் கட்டி வருகிறேன். 'ட' வடிவம், ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 8 அடி, 6 அங்குலச் சீமெந்துக் கல். மேசன் வேலை என் தொழில் அல்ல, சனி ஞாயிறுகளில்தான் இதில் கை வைக்கிறேன்.

நீளப் பக்கத்தை ஆனியில் கட்டினேன். ஒரு வாளி சீமெந்துக்கு ஐந்து வாளி ஆற்று மணல். கிணற்று நீர் சற்று உவர்ப்பு. பிறகு சுவரில் உப்புப் பூக்கும் என்பதால் உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில்தான் குழைத்தேன். இவ்வளவு கவனம் எடுத்தும் காற்றை மறந்துவிட்டேன். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வாவிப் பக்கமிருந்து அனலாக அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாலை தண்ணீர் தெளித்தேன். மூன்றாம் நாள் சுவர் வெளுத்து, தட்டினால் கல்லாக ஒலித்ததும் இறுகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு மேசன் அண்ணன் வந்தார். சாவியால் ஓர் இடுக்கைச் சுரண்டினார். சாம்பல் நிற மணல் பொலபொலவென்று அவர் பாதத்தில் கொட்டியது.

"எத்தனை நாள் தண்ணீர் விட்டாய், தம்பி?"

"இரண்டு நாள், அண்ணன்."

அவர் வேறோர் இடுக்கையும் சுரண்டிப் பார்த்தார். அதிலும் மணல்தான்.

சீமெந்து காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஈரம் போய்விட்டால் அந்த வினை பாதியில் நின்றுவிடும். இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரே கலவையை மூன்று யோகட் கோப்பைகளில் நிரப்பினேன். மறுநாள் வார்ப்புகளைக் கழற்றி ஒன்றை வெயிலிலும், ஒன்றை ஈரச்சாக்குக்குள்ளும், ஒன்றை வாளித் தண்ணீரிலும் வைத்தேன். ஏழாம் நாள் ஆணியால் கீறினேன். வெயிலில் கிடந்ததன் விளிம்பு விரலிலேயே உதிர்ந்தது. சாக்குக்குள் இருந்ததில் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும். வாளியில் கிடந்ததில் ஆணிதான் வழுக்கியது. 28ஆம் நாள் சுத்தியலால் அடித்தபோதும் அதே வரிசைதான்.

பூச்சுக்காகச் சுண்ணாம்பும் சேர்த்துப் பார்த்தேன்: சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு. வெண்ணெய் போலக் கரண்டியில் ஒட்டி நிற்கிறது, ஈரத்தையும் எளிதில் விடுவதில்லை. இதில் சுண்ணாம்பின் பங்கு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மாதக்கணக்கில் மெதுவாக இறுகும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய நம் கோட்டை மதிலைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம், சீமெந்து இல்லாத அந்தக் காலத்துக் கைகளின் பொறுமையை நினைத்துக்கொள்கிறேன்.

குட்டைப் பக்கத்தை முற்றிலும் வேறு விதமாகக் கட்டினேன். வெயில் சாய்ந்த பிறகே தொடங்கினேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கக்கூடிய அளவு மட்டுமே குழைத்தேன். இறுகத் தொடங்கிய சாந்தில் மறுபடி தண்ணீர் ஊற்றவில்லை. கல்லை ஊறவைக்காமல் மேலாகத் தெளித்துக்கொண்டேன். மறுநாள் காலையிலிருந்து உரச்சாக்குகளால் போர்த்தி, அவற்றின் மேல் கிடுகு சாத்தி, ஏழு நாள் மூன்று வேளையும் நனைத்தேன். இப்போது சாவியை அழுத்தி இழுத்தாலும் இடுக்கு உதிர்வதில்லை.

பழைய பக்கத்தில் மேல் மூன்று வரிகளும் கையால் அசைத்தாலே பெயர்ந்தன. அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் அடுக்கிவிட்டேன். கீழ் வரிகளின் இடுக்குகளை முக்கால் அங்குலம் தோண்டிப் புதுச் சாந்து அடைத்தேன். இன்று நான்காம் நாள். சற்று முன் டோர்ச்சோடு போய்ச் சாக்கைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் ஈரமாகவே இருக்கிறது.