தட்டைக் கழற்றினால் வல்லினம் போச்சு

மேல் அண்ணத்தில், கடைவாய்ப் பல்லுக்குக் கொஞ்சம் உள்ளே, மொச்சைக்கொட்டை அளவில் ஒரு தடிப்பு. வலியே கிடையாது, நாக்குதான் அடிக்கடி போய்த் தடவிப் பார்க்கும். பக்கத்தில் காட்டிய பல் டாக்டர் வேரில் சீழ் என்று மாத்திரை எழுதினார், அப்புறம் வேர் சிகிச்சையும் செய்தார், எட்டு மாதம் அப்படியே போயிற்று. வலிக்காததால் நானும் சும்மா இருந்துவிட்டேன், அவரை மட்டும் குறை சொல்வானேன். அந்தப் பக்கம் அண்ணம் மரத்துப்போக ஆரம்பித்ததும் மைனிதான் பிடித்துத் தள்ளினாள்: "மக்கா, இனியும் பாத்துட்டு இருக்காத, திருவனந்தபுரம் போயிரு."

மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்குப் புற்றுநோய் என்றால் திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையம், ஆர்.சி.சி.தான். குழித்துறையில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரச் சொச்சம். சதை எடுத்துச் சோதித்ததில் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்று வந்தது. சின்னச் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகள் வாய்க்குள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அதில் ஒன்றில் வரும் அபூர்வமான வகை. வெற்றிலை, புகையிலை போடுவாயா என்று ஊரில் கேட்காத ஆளில்லை. இந்த வகைக்கும் புகையிலைக்கும் அப்படித் தெளிவான தொடர்பு எதுவும் இல்லை, ஆனால் அதை எத்தனை பேரிடம் விளக்குவது. மெதுவாக வளரும், நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊரும் என்று டாக்டர் ஓபி சீட்டின் பின்புறம் படம் போட்டுக் காட்டினார். மரத்துப்போனது அதனால்தானாம்.

அறுவைக்கு முன்பே மேல்தாடைக்கு அளவு எடுத்தார்கள், எதற்கென்று அப்போது புரியவில்லை. வலது பக்கம் பாதி அண்ணம், எலும்பு, நாலு பல், எல்லாம் போயிற்று. வெட்டியதெல்லாம் வாய்க்குள்தான், முகத்தில் தழும்பு இல்லை. ஒரு வாரம் கழித்து உள்ளே அடைத்திருந்த துணியை எடுத்ததும் தண்ணீர் குடித்தேன், மூக்கு வழியாக வந்தது. பேசினால் அதைவிட மோசம். நான் தமிழ் டீச்சர். மெல்லினம் பிறக்கும் இடம் மூக்கு என்று நன்னூலை வைத்து வருசா வருசம் எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தவள், அன்றைக்கு என் வாயில் வல்லினமே இல்லை, 'பாட்டு' என்றால் 'மாண்ணு' என்று வருகிறது, காற்று முழுக்க ஓட்டை வழியாக மூக்குக்குப் போய்விடுகிறது. வீட்டுக்காரர் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றார். முன்பே எடுத்த அளவை வைத்துச் செய்த, அண்ணத்து ஓட்டையை மூடும் தட்டை மாட்டியதும் 'பாட்டு' பாட்டாகவே வந்தது. அப்போதுதான் நான் அழுதேன்.

பிறகு கதிர்வீச்சு, 30 தடவை, திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். மெடிக்கல் காலேஜ் பக்கம் அறை எடுத்துத் தங்கினோம். தொடங்குமுன் ஆட்டம் கண்ட இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், கதிர்வீச்சுக்கு அப்புறம் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம் என்பதால். மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண், கஞ்சித் தெளிவும் அரைத்த பயறும்தான் ஆகாரம், மீன் கறி வாசனை வந்தாலே எரிச்சல். வாய் இறுகாமல் இருக்க ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துத் திறக்கும் பயிற்சி, 9 குச்சியில் தொடங்கி 17 வரை வந்தேன், அதை ஒரு நாளும் விடாதீர்கள். எச்சில் ஊறுவது இன்றும் குறைவுதான். பையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வகுப்புக்குப் போவதில்லை.

தட்டை ராத்திரி மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும், வெந்நீர் பட்டால் கோணிவிடும். ஒரு தடவை கிண்ணத்தில் வெறும் தண்ணீர் என்று நினைத்து வீட்டுக்காரர் செடிக்கு ஊற்றிவிட்டார், நல்ல வேளை செம்பருத்திக் கிளையில் சிக்கிக் கிடந்தது.

முதல் இரண்டு வருசம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்டினேன், இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. நெஞ்சுக்கு சி.டி.யும் எடுக்கிறார்கள், இது கழுத்து நெறிக்கட்டிக்குப் போவதைவிட ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போவதுதான் அதிகமாம். "அஞ்சு வருசம் ஆச்சில்லா டீச்சர், இனியும் எதுக்குப் போறீங்க?" என்கிறார்கள். பத்து, பதினைந்து வருசம் கழித்தும் தலைகாட்டுகிற சாதி இது. எனக்கு இது ஏழாவது வருசம்.

நேற்று டீ குடிக்கும்போது மூக்கில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. தட்டு தளர்ந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன்.